‘கிராண்ட்’ என்கிறாள், ராத்திரியில் அழுகிறாள்

கேள்வி: அம்மா, நான் சிட்னியில் முதுகலை படிக்கிறேன். கூஜி கடற்கரை பக்கம் நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். அதில் ஒருத்தி அயர்லாந்துப் பெண், மேயோ மாவட்டம், வயது 25. சாலைப் பணி நடக்கும் இடங்களில் ‘ஸ்டாப்’ பலகை பிடித்து நிற்கும் வேலை. மூன்று வாரத்துக்கு முன் அவளுடைய பாட்டி இறந்துவிட்டார். அவளால் போக முடியவில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, ஊர் சர்ச்சில் நடந்த அடக்கப் பூசையைத் தனியாகப் பார்த்தாள். மறுநாள் நாலரைக்கு எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். சனி ஞாயிறில் தன் ஊர்ப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் சில ராத்திரி மாடிப்படியில் அழும் சத்தம் கேட்கிறது. கேட்டால் ‘ஐம் கிராண்ட்’ என்கிறாள். நான் தலையிடலாமா? ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், சிட்னி

பதில்: அன்பு மகளுக்கு,

முதலில் அந்தச் சொல். அயர்லாந்தில் ‘கிராண்ட்’ என்றால் பிரமாதம் என்று பொருள் இல்லை. நாம் ‘ம்... பரவாயில்லை’ என்போமே, அதுதான். மழையில் நனைந்தாலும் கிராண்ட், கால் பிசகினாலும் கிராண்ட். அவள் உன்னிடம் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவள் ஊரில் அதுதான் பதில்.

எனக்கு இது தெரிந்த கதையைச் சொல்கிறேன். 1980களின் தொடக்கத்தில் லண்டன் கில்பர்னில் ஓர் ஐரிஷ் அம்மாவின் வீட்டில் இரண்டு வருடம் குடியிருந்தேன். 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போனார்கள். அவரும் அப்போது கப்பலேறி, வேல்ஸில் ஹோலிஹெட் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பிடித்து லண்டன் வந்தவர். ஊரிலிருந்து தங்கை வாராவாரம் உள்ளூர்ப் பத்திரிகையைச் சுருட்டித் தபாலில் அனுப்புவார். சுற்றியிருக்கும் பழுப்புத் தாளைக் கத்தியால் கீறிப் பிரித்து, முதல் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மரண அறிவிப்புகளுக்குப் போய்விடுவார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்குவார். தெரிந்த பெயர் வந்தால் விரல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து டீக்கு வெந்நீர் வைப்பார். பத்திரிகையைப் போய் யாராவது சாவுச் செய்தியிலிருந்து தொடங்குவார்களா என்று அப்போது நினைத்தேன்.

பிறகுதான் புரிந்தது. அயர்லாந்தில் சாவு என்பது ஊர் முழுக்கச் சேர்ந்து செய்கிற காரியம். உள்ளூர் வானொலியில் இறந்தவர்களின் பெயரைத் தினமும் வாசிக்கிறார்கள். அதற்கென்றே ஆர்ஐபி டாட் ஐஇ என்று ஓர் இணையதளம் இருக்கிறது; உன் தோழியின் போனிலும் அது இருக்கும், வேண்டுமானால் பார். இறந்தவரை வீட்டில் கிடத்தி ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். அதற்கு ‘வேக்’ என்று பெயர். அக்கம்பக்கத்துச் சமையலறைகளிலிருந்து சாண்ட்விச்சும் கேக்கும் வந்து இறங்கும். வரிசையாக வந்து வீட்டார் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து ‘சாரி ஃபார் யுவர் டிரபிள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வார்கள். பேரப்பிள்ளைகள் பெட்டியைத் தோளில் சுமப்பார்கள். எல்லாம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். சிட்னியிலிருந்து நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் போக வேண்டும். பயணமே ஒரு நாளைத் தின்றுவிடும். டிக்கெட், லீவு, பணம் என்று யோசித்து முடிப்பதற்குள் அங்கே மண் போட்டிருப்பார்கள்.

அவளுக்குப் பாட்டி போன துக்கம் ஒன்று. அந்த வரிசையில் நிற்க முடியாமல் போனது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி அவளிடம் யாருமே பேசியிருக்க மாட்டார்கள்.

அவளோடு சுற்றுகிற பிள்ளைகள் நல்லவர்கள்தான். கூஜியில் ஐரிஷ் இளைஞர்கள் நிறைய. அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்துக்குச் சிட்னியில் மன்றங்களும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு வேலையும் வீடும் பெரும்பாலும் அந்த மைதானத்தில்தான் அமைகிறது. 1951இல் கோப்பை வென்ற பிறகு எத்தனையோ இறுதிப் போட்டிகளில் தோற்ற மேயோ அணிக்காக நடுராத்திரியில் கண்விழித்துக் கத்துவதற்கும் கூட்டம் வேண்டுமில்லையா? ஆனால் அந்தக் கூட்டத்தில் அழுவது கஷ்டம். எல்லோருக்கும் அதே ஏக்கம் உள்ளே கிடக்கிறது. ஒருத்தி அழுதால் எல்லோரும் உடைந்துவிடுவார்கள் என்ற பயத்தில் சிரிக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். நீ வெளியாள். உன் முன்னால் அவள் உடையலாம்.

இன்னொரு விஷயம். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு, முந்தின ராத்திரியே உயிரோடு ‘வேக்’ வைத்து அழுது அனுப்பினார்கள். திரும்பி வர மாட்டார்கள் என்று இரு தரப்புக்கும் தெரியும். இப்போது ‘ஒரு வருஷம்தான்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். 88 நாள் தோட்டத்திலோ பண்ணையிலோ வேலை செய்தால், ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்யலாம் என்கிற ஒர்க்கிங் ஹாலிடே விசா இரண்டாம் வருடத்துக்குக் கிடைக்கும். இன்னும் ஆறு மாதம் செய்தால் மூன்றாவது வருடம். 2024 ஏப்ரல் வரையிலான ஒரே வருடத்தில் 10,600 பேர் அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கிறார்கள். டப்ளின் வாடகையைப் பார்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘ஒரு வருஷம்’ என்று சொல்லிப் பாட்டியிடம் விடைபெற்றவள், கடைசி விடை என்று நினைத்தா கட்டிப் பிடித்திருப்பாள்? நானாகத்தானே வந்தேன், அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்ற எண்ணமும் அவளுக்கு இருக்கும்.

அதனால் ‘ஊருக்குப் போயேன்’ என்று சொல்லாதே. தோற்றுவிட்டாய் என்று அவள் காதில் விழும். போவதா இருப்பதா என்பது அவள் முடிவு. ‘ஒரு ஃப்ளைட்தானே’, ‘தினமும் வீடியோவில் பார்க்கிறாயே’ என்பதும் வேண்டாம். சிட்னி நேரம் அவள் ஊரைவிட, பருவத்தைப் பொறுத்து, 9 முதல் 11 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீ அழுகையைக் கேட்கும் ராத்திரி நேரம், அங்கே பட்டப்பகல். அம்மா சமையலறையில் நடமாடுவது பின்னணியில் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக் குரூப்பில் எல்லோரும் பேசுகிற நேரத்தில் இவள் தூங்குகிறாள். விழித்தால் நூறு செய்தி, எல்லாம் முடிந்துபோன பேச்சு. நம் லண்டன் அம்மாவுக்கு வாரத்துக்கு ஒரு முறை வந்த வலி, இவளுக்குத் தினமும் காலையில் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? எதிரே உட்கார்ந்து ‘மனசுவிட்டுப் பேசு’ என்று கேட்காதே, மறுபடி கிராண்ட் என்பாள். படியில் பக்கத்தில் உட்கார். பால் ஊற்றிய டீ, நல்ல ஸ்ட்ராங்காக. அவள் கையைப் பிடித்து ‘சாரி ஃபார் யுவர் டிரபிள்’ என்று சொல். மூன்று வாரம் தாமதம் என்று தயங்காதே. அந்த நகரத்தில் ஒருவர்கூட அவளிடம் கையைப் பிடித்து அதைச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. அப்புறம் பாட்டியின் பெயரைக் கேள். எந்த ஊர் என்று கேட்டு, அதற்கும் உள்ளே எந்த இடம் என்று கேள். அயர்லாந்தில் நாலைந்து வயல் சேர்ந்தாலே அதற்கு ஒரு பெயர் உண்டு. அயர்லாந்துத் தீவு முழுக்க அப்படி 60,000க்கும் மேல். அந்தச் சின்னப் பெயரை வெளியூரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பேச்சு தானாக வரும். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிரு.

அவளாக ஊருக்குப் போகும் பேச்சை எடுத்தால் மட்டும் ஒன்று சொல்லலாம். கோடையில் பல பங்குகளில், அதாவது ஊர்ச் சர்ச்சுகளில், ‘கல்லறை ஞாயிறு’ உண்டு. கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, பாதிரியார் மந்திரிப்பார். வெளிநாட்டில் இருக்கும் பலர் அந்த நாளுக்குப் பொருந்தும்படி விடுமுறை எடுத்துப் போகிறார்கள். தவறவிட்ட அடக்கத்துக்கு அது ஈடாகாது. ஆனால் நிற்பதற்கு ஓர் இடமும், சுற்றி மனிதர்களும் இருப்பார்கள்.

சாப்பாட்டை விட்டுவிட்டால், தினமும் குடித்தால், வேலைக்குப் போகாமல் படுத்தால் டாக்டரிடம் கூட்டிப்போ. சிட்னியில் ஐரிஷ் சப்போர்ட் ஏஜென்சி என்ற அமைப்பு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவுகிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதே, லைஃப்லைன் 13 11 14. உடனடி ஆபத்து என்றால் 000.

கடைசியாக, இது அவசரம். நம்மிடம் முப்பதாம் நாள், மாசிகம் என்று இருப்பது போல அவர்களிடமும் இறந்து ஒரு மாதத்தில் ஒரு பூசை உண்டு. ‘மந்த்ஸ் மைண்ட்’ என்பார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறாய், நாள் நெருங்கிவிட்டது. என்றைக்கு என்று கேள். ஊரில் பூசை நடக்கும் நேரத்தில் போனில் பார்ப்பாளா, அல்லது அன்று மாலை பக்கத்துச் சர்ச்சுக்குப் போவாளா என்று கேள். எதுவானாலும் கூட இரு. மற்ற இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, ஹாம் சாண்ட்விச்சும் டீயும் போட்டு வை. போனை இந்தத் தடவை சர்க்கரை டப்பாவில் சாய்க்க வேண்டாம், உன் லேப்டாப்பைக் கொடு.