கிணறு கிடைத்தால் வாழ்க்கை மாறுமா?

கேள்வி: ஓரிரு ஏக்கரில் மழையை நம்பிப் பயிர் செய்யும் விவசாயிக்கு ஒரு கிணறோ, சிறிய பம்போ கிடைத்துவிட்டால் விளைச்சல் கூடும். அதற்கு மேல் அவருடைய வாழ்க்கையில் ஏதாவது மாறுமா?

பதில்: மாறும், விளைச்சலைவிட அந்த மாற்றமே பெரியது என்று நான் கருதுகிறேன். மானாவாரி விவசாயியை வீழ்த்துவது பெரும்பாலும் ஆண்டு மழையின் குறைவு அல்ல, பயிர் பூக்கும் பருவத்தில் இரண்டு மூன்று வாரங்கள் மழை பொய்த்துப்போவதுதான். அந்த வேளையில் ஒரு ஹெக்டேருக்கு 50 மில்லிமீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் நீர் பாய்ச்ச முடிந்தால் பயிர் தப்பிவிடும். தப்பும் என்ற உறுதி இருப்பதால்தான் அவர் நல்ல விதைக்கும் உரத்துக்கும் துணிந்து செலவிடுகிறார்; அந்த உறுதி இல்லாதவர் முதலை இழக்க அஞ்சிக் குறைவாகவே செலவிட்டு, குறைவாகவே அறுவடை செய்கிறார்.

கோடையில் பயிரிட முடிவது அடுத்த பயன். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், கலாலே வட்டாரத்துப் பெண்கள் குழுக்கள் சூரிய மின் பம்பையும் சொட்டு நீரையும் கொண்டு காய்கறி பயிரிட்டதைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வு, அக்குடும்பங்கள் வறண்ட மாதங்களில் காய்கறியைக் கூடுதலாக உண்டதையும், மிஞ்சியதை விற்று வருமானம் பெற்றதையும் காட்டியது. குடத்தில் நீர் சுமந்து ஊற்றிய உழைப்பு குறைந்தாலே பெண்களின் உடலுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைச் சுமந்தவர்களே அறிவார்கள். ஆனால் பம்பும் விற்ற பணமும் வீட்டு ஆண்களின் கையில் மட்டும் இருக்குமானால், இந்தப் பயனில் பெரும்பகுதி பெண்களையும் குழந்தைகளையும் எட்டாமல் போகலாம்.

கடன் வாங்கிக் கிணறு தோண்டி, ஊற்று கிடைக்காமல் போனால் நிலைமை முன்பைவிட மோசமாகும். ஆகவே நீர் இருப்பை ஆராய்ந்த பிறகே தோண்ட வேண்டும். இயலுமானால் அண்டை நிலத்தாரோடு செலவைப் பகிர்ந்துகொள்வது நல்லது.

கேள்வி: எல்லோரும் சொட்டு நீருக்கு மாறிவிட்டால் நிலத்தடி நீர் மிஞ்சுமா?

பதில்: தானாக மிஞ்சாது. மிச்சமான நீரைக் கொண்டு பாசனப் பரப்பை விரிவாக்கினாலோ, கூடுதல் நீர் கேட்கும் பயிருக்கு மாறினாலோ, எடுக்கும் நீர் குறையாது. சூரிய மின் பம்பில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஓட்டுவதற்கு எரிபொருள் செலவு இல்லாததால் நிறுத்துவதற்கும் காரணம் இருப்பதில்லை. நீர்மட்டம் இறங்கும்போது முதலில் வற்றுவது ஆழமாகத் தோண்ட வசதியில்லாதவரின் கிணறுதான் என்பதால், எத்தனை மணி நேரம் இறைக்கலாம், என்ன பயிர் வைக்கலாம் என்பதை ஒரே நீரூற்றைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோரும் விதைப்புக்கு முன்பே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.