பொருநையைக் கூப்பிட நிலையான ஐபி எதற்கு?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு சர்வர் போட்டு 'பொருநை' என்று பெயர் வைத்திருக்கிறேன். லேப்டாப்பின் பெயர் 'நெல்லை'. உபுண்டுவில் இணையம் வருகிறது. ஆனால் அந்தக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்க 'பிங் நெல்லை' அடித்தால் பெயர் தெரியவில்லை என்கிறது. விண்டோஸிலிருந்து பொருநையைக் கூப்பிட்டாலும் அதேதான். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், நிலையான ஐபி (மாறாத இணைய எண்) வாங்கினால்தான் சரியாகும் என்கிறார்கள். வாங்கவா? (கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: வாங்காதீர்கள். கடைக்காரர் விற்கிற நிலையான ஐபி உங்கள் வீட்டு ரவுட்டருக்கு வெளியே, இணையத்தின் பக்கம் இருப்பது. உங்கள் கோளாறு ஒரே லேப்டாப்புக்குள் இருக்கிறது. அடுத்த முறை போனால் டிஎன்எஸ்ஸை (பெயருக்கு எண் சொல்லும் சர்வரை) 8.8.8.8 என்று மாற்றித் தருகிறேன் என்று அதற்கும் ஒரு கூலி கேட்பார்கள். உங்கள் மேசையில் இருக்கும் பொருநையைப் பற்றிக் கூகுளின் சர்வருக்கு என்ன தெரியும்?

திரையில் ஒரே செய்தி வந்தாலும் உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. விர்ச்சுவல்பாக்ஸ் எந்தப் புது விஎம்மையும் (உள்ளே ஓடும் கணினியை) முதலில் 'நாட்' முறையில்தான் வைக்கும், அதாவது லேப்டாப்பின் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே போகும் முறை. உள்ளே அதற்குப் பெரும்பாலும் 10.0.2.15 என்ற எண் கிடைக்கும். லேப்டாப் அதற்கு 10.0.2.2 ஆகத் தெரியும். பொருநையிலிருந்து 'பிங் 10.0.2.2' அடித்துப் பாருங்கள், பதில் வரும். அதாவது வழி இருக்கிறது, பெயர்தான் இல்லை. விண்டோஸிலிருந்து உள்ளே போகவோ இந்த முறையில் தானாக வழி கிடையாது. வழியில்லாத இடத்துக்குப் பெயர் எழுதி என்ன செய்ய?

விஎம்மை அணைத்துவிட்டு அதன் செட்டிங்ஸில் நெட்வொர்க்குக்குப் போங்கள். அடாப்டர் 1 (முதல் வலை அட்டை) நாட்டாகவே இருக்கட்டும், இணையம் அதன் வழியாகத்தான் வருகிறது. அடாப்டர் 2-ஐ இயக்கி 'ஹோஸ்ட்-ஒன்லி' (லேப்டாப்புக்கும் விஎம்முக்கும் மட்டுமான வலை) என்று வையுங்கள். இந்த வலையில் லேப்டாப்பின் எண் வழக்கமாக 192.168.56.1. உபுண்டு சர்வர் இரண்டாவது அட்டையைத் தானாக எழுப்பாது. உபுண்டுவின் வலை அமைப்பை எழுதும் நெட்பிளான் கோப்பில் ஈஎன்பி0எஸ்8 என்ற அட்டைக்கு 192.168.56.10/24 என்று முகவரி எழுதி, 'சூடோ நெட்பிளான் அப்ளை' கொடுக்க வேண்டும். உள்தள்ள ஸ்பேஸ்தான், டேப் கூடாது. இந்த அட்டைக்கு கேட்வே (வெளியே போகும் வாசல்) எழுதவே எழுதாதீர்கள். எழுதினால் இருக்கிற இணையமும் போய்விடும்.

இனிதான் பெயர். விண்டோஸில் நோட்பேடை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போய் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பை (எந்தப் பெயருக்கு எந்த எண் என்று எழுதும் பட்டியல்) எடுங்கள். கடைசி வரியாக 192.168.56.10, ஒரு இடைவெளி, பொருநை. உபுண்டுவின் ஈடிசியில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் 192.168.56.1, இடைவெளி, நெல்லை. (கணினியில் இரண்டு பெயரும் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான்.) 'சேவ் அஸ்' கொடுத்தால் நோட்பேட் இதை 'ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்று சேமித்துவிடக்கூடும், விண்டோஸ் அந்த வாலை மறைத்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ராத்திரி முழுக்க முட்டிக்கொள்கிறார்கள். வாலைக் காட்டச் சொல்வது ஒரு டிக் அடிக்கும் வேலை. அதை முதலிலேயே அடித்துக் கொடுத்தால் விண்டோஸ் செய்தவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

சோதிக்கும்போது என்எஸ்லுக்கப் என்ற கட்டளையை நம்பாதீர்கள். விண்டோஸில் அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். பிங் போதும். 'பிங் நெல்லை' அடித்ததும் 192.168.56.1 என்ற எண் தெரிந்தால் பெயர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் பதில் வராவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. ஃபயர்வாலையே அணைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உள்வரும் விதிகளில் ஐசிஎம்பிவி4 எக்கோ ரிக்வெஸ்ட் (பிங் அனுப்பும் கேள்வி) என்ற ஒன்றை மட்டும், பப்ளிக் வலைக்கும் சேர்த்து, அனுமதித்தால் போதும்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். பயிற்சி மையங்களில் பென்டிரைவில் 'ரெடிமேட் விஎம்' என்று ஒன்றைக் காசுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே விஎம்மை நகலெடுத்து வகுப்பு முழுக்க விற்பதுதான் அது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், உள்ளே ஒரே மெஷின்-ஐடி (அந்தக் கணினியின் அடையாள எண்). உபுண்டு சர்வர் டிஎச்சிபியிடம் (வலையில் எண் கொடுக்கும் சேவை) தன் அடையாளத்தை அந்த ஐடியை வைத்துத்தான் சொல்கிறது. அதனால் மேக் முகவரியை (வலை அட்டையின் எண்) புதிதாக்கினாலும், ஒரே வலையில் இருக்கும் இரண்டு நகல்களுக்கும் ஒரே எண் வந்து சேரும். பெயர் ஒரு சமயம் இவளுடைய விஎம்மைக் காட்டும், மறு சமயம் அவளுடையதை. உங்களுடையதும் அப்படி வந்ததென்றால் ஈடிசியில் உள்ள மெஷின்-ஐடி கோப்பின் உள்ளடக்கத்தைக் காலி செய்து (கோப்பை அழிக்கக் கூடாது) விஎம்மை மறுபடி தொடங்குங்கள். ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்ற கட்டளையைக் கொண்டு பெயரை மாற்றுங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 வரியிலும் புதுப் பெயரைப் போடுங்கள். விட்டால் சூடோ ஒவ்வொரு தடவையும் முனகும். பின்னாளில் பொருநையையே நகலெடுத்தால் அதன் முகவரியில் கடைசியாக உள்ள 10 என்ற எண்ணும் கூடவே போகும். இரண்டாவதற்கு 11 கொடுங்கள்.