கணினி கேள்வி – பதில்: பூட்டு ஃபைல் மட்டும் போதுமா?

ஆத்தூர் வாசகர்: எங்கள் சேகோ ஆலையின் எடைமேடையில் பதிவாகும் குச்சிக்கிழங்கு லோடு விவரங்களை, லினக்ஸ் கணினியில் உள்ள ஸ்கிரிப்ட் ஒன்று கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் சேவை) மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேலம் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. இணையம் மெதுவானால், முந்தையது முடியும் முன்பே அடுத்தது தொடங்கி, ஒரே லோடு இருமுறை பதிவாகிறது. இதைத் தடுக்க, ஸ்கிரிப்ட் ஓடுவதைக் காட்டும் பூட்டு ஃபைல் ஒன்றைத் தொடக்கத்தில் உருவாக்கி முடிவில் அழிக்கிறேன். மின்தடை வந்தாலோ அந்த ஃபைல் அப்படியே கிடக்கிறது; நான் அழிக்கும்வரை எதுவும் போவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதை உருவாக்குவதற்கும் இடையே உள்ள நொடிப்பொழுதில் இன்னொரு ஸ்கிரிப்ட் நுழைந்துவிடலாம். ஃபைலுக்குப் பதில் எம்கேடிர் கட்டளையால் அடைவை (ஃபோல்டரை) உருவாக்கினால் இந்த இடைவெளி அடைபடும். ஆனால் மின்தடைக்கு அதுவும் மருந்தாகாது. ஸ்கிரிப்ட் முடியும்போது பூட்டை அழிக்கும் டிராப் கட்டளையைப் போட்டு வைத்தாலும், ஸ்கிரிப்டை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் -9 வந்தால் அது இயங்காது.

எனவே எஃப்லாக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். இதில் பூட்டு என்பது ஃபைல் இருப்பதைப் பொறுத்ததன்று. திறந்திருக்கும் அந்த ஃபைலின் மீது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கும் குறிப்பே பூட்டு. புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எப்படி இறந்தாலும், மின்சாரமே போனாலும், பூட்டு தானாக விலகிவிடும். கிரான் வரியில் எஃப்லாக், அதன் -என் விருப்பம், பூட்டு ஃபைலின் பெயர், பிறகு உங்கள் ஸ்கிரிப்ட் என்ற வரிசையில் எழுதினால், முந்தையது ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது காத்திராமல் விலகிக்கொள்ளும். சில நொடிகள் காத்திருக்க வேண்டுமானால் -டபிள்யூ உண்டு.

இங்கே பலரும் தவறுவது, வேலை முடிந்ததும் பூட்டு ஃபைலை அழிப்பதில்தான். அழிக்கவே கூடாது. ஒருவர் பழைய ஃபைலின் மீது பூட்டு வைத்திருக்கையில் அது அழிக்கப்பட்டால், அடுத்தவர் அதே பெயரில் புது ஃபைலை உருவாக்கி அதன் மீது பூட்டுப் பெற்றுவிடுவார். இருவரும் உள்ளே இருப்பார்கள். அதேபோல் உங்கள் ஸ்கிரிப்ட் பின்னணியில் எதையாவது ஓடவிட்டால், அது முடியும்வரை பூட்டும் நீடிக்கும். அதைத் தவிர்க்க -ஓ விருப்பம் உள்ளது. மேலும், எஃப்லாக் வழியாகப் பூட்டைக் கேட்டு நடப்பவர்களை மட்டுமே இப்பூட்டு கட்டுப்படுத்தும்: கையால் நேரடியாக ஸ்கிரிப்டை ஓட்டும் ஊழியரை அது தடுக்காது.

இவ்வளவு செய்தும், விவரம் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால் மறுமுறையும் அதுவே அனுப்பப்படும். ஆகவே எடைச்சீட்டு எண்ணைக் கொண்டு இரட்டைப் பதிவை அலுவலகக் கணினி நிராகரிப்பதும் அவசியம்.

ஏற்காடு வாசகர்: காப்பித் தோட்டத்து மழைமானியின் அளவுகளை எம்கேஃபிஃபோவால் உருவாக்கிய பெயருள்ள பைப்பில் (ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கடத்தும் குழாய்) எழுதுகிறேன். எழுதும் நிரல் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. பழுதா?

பதில்: பழுதன்று. மறுமுனையைப் படிக்க ஒருவர் திறக்கும்வரை, எழுதத் திறப்பவர் காத்திருக்க வேண்டும் என்பதே விதி. 1973இல் கென் தாம்சன் யுனிக்ஸில் சேர்த்த பைப்புக்கு ஃபைல் பெயர் ஒன்று கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தரவு வட்டில் தங்குவதில்லை. லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட் நிறைந்ததும் எழுதுபவர் மீண்டும் நிற்பார்; படிப்பவர் பாதியில் போய்விட்டால் எழுதும் நிரல் சிக்பைப் சமிக்ஞையால் முடிந்துவிடும். பல கருவிகள் ஒரே பைப்பில் எழுதினாலும், ஒவ்வொரு முறை எழுதுவதும் 4,096 பைட்டுக்குள் இருந்தால் வரிகள் கலக்காது. படிக்க ஆளில்லாத இரவிலும் அளவுகள் சேர வேண்டுமென்றால், சாதாரண ஃபைலின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவதுதான் சரி.

சேலம் வாசகர்: ஐபிசிஎஸ் கட்டளை, பல நிரல்கள் சேர்ந்து பயன்படுத்தும் பழைய பகிர்நினைவகத் துண்டுகளைக் காட்டுகிறது. அழிக்கலாமா?

பதில்: உருவாக்கிய புராசஸ் முடிந்தாலும், கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை அவை இருக்கும். இணைந்துள்ள புராசஸ்களின் எண்ணிக்கை பூச்சியமாக இருந்து, எந்த நிரலுடையது என்பதும் உறுதியானால் மட்டும் ஐபிசிஆர்எம் கட்டளையால் நீக்குங்கள். டேட்டாபேஸ் ஓடும் கணினியென்றால் அதை முதலில் முறையாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.