படகில் ஏறினாலே மூச்சு முட்டுகிறது: மெடிக்கல் மாத்திரை போதுமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. விசைப்படகில் வேலை. நாலு மாதமாகக் கடலில் இருக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்துப்போகிறது. செத்துவிடுவேன் என்று அலறுகிறான். மூன்று முறை இசிஜி எடுத்தும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். தெரிந்த மெடிக்கலில் கொடுத்த சின்ன மாத்திரையைப் போட்டால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். இப்போது படகில் ஏறவே மறுக்கிறான். ஏர்வாடி தர்கா பக்கம் தங்கவைத்தால் தெளியும், இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். மனநல டாக்டரிடம் போனால் கல்யாணம் நின்றுபோகும் என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது? (பாம்பன் வாசகி)

பதில்: முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது பேனிக் அட்டாக் போலத்தான் இருக்கிறது. ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடம்பு அபாயச் சங்கை ஊதிவிடுகிறது. இதயம் ஓடுகிறது, வியர்க்கிறது. மூச்சு பத்தவில்லை என்று வேகவேகமாக இழுக்கிறார். இழுக்க இழுக்க ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது அதனால்தான். சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொள்ளவும் செய்யும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தானே இறங்கிவிடும்.

மாத்திரை போட்டால் அரை மணியில் அடங்குகிறது என்கிறீர்களே, போடாமல் இருந்தாலும் அதே அரை மணியில் அடங்கியிருக்கும். வேலையைச் செய்தது உடம்பு, பேர் வாங்கியது மாத்திரை. "சட்டைப்பையில் அது இருந்தால்தான் உயிர்" என்ற எண்ணம் வந்தபின் மாத்திரையே ஒரு நோயாகிவிடுகிறது.

அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அல்பிரசோலம் 0.25 அல்லது 0.5 என்று இருக்க வாய்ப்பு அதிகம். சிவப்பில் ஆர்எக்ஸ் அல்லது என்ஆர்எக்ஸ் குறியும் இருக்கும். இது எச்1 பட்டியல் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனி நோட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை நீங்கள் எந்தக் கடையிலாவது பார்த்திருக்கிறீர்களா? சோதனைக்கு வருகிறவர்களுக்கும் அது கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது. இந்த மாத்திரையைச் சில வாரம் தினமும் போட்டாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். வலையை இழுக்கும் வின்ச் சுற்றும் மேல்தளத்தில் தூக்கக் கலக்கத்தோடு கயிறு பிடிப்பது கை போகும் காரியம். கரைக்கு வந்து சரக்கோடு சேர்த்துப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கடலில் வீசிவிடாதீர்கள். எப்போதாவது ஒன்று போடுகிறவர் நிறுத்தினால் பிரச்சினை வராது. மூன்று, நான்கு வாரமாகத் தினமும் போடுகிறவர் சட்டென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் தூக்கம் போகும், நடுக்கம் வரும், பழைய படபடப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வரும். கரையிலிருந்து பல மணி நேரத் தூரத்தில் படகில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அரை அரை மாத்திரையாக நாமே குறைத்துக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போட வேண்டாம். எத்தனை, எவ்வளவு நாளாக என்று எழுதி, அட்டையோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். அவர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலையில் ஓபி சீட்டுப் போட்டு, மனநலப் பிரிவு என்று கேளுங்கள். யாருடைய சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார், ஆனால் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அதை வாசலில் எழுதிப்போட ஒரு துண்டுச் சாக்பீஸ் போதும். அதுகூட நடக்காததால் ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். போவதற்கு முன் பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

நாலாவது இசிஜி வேண்டாம். தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை பார்த்தால் போதும். பேக்கேஜ் செக்கப் என்று மதுரைக்குக் கூட்டிப்போகிறவர்களிடம் சிக்காதீர்கள். வலை இழுக்கும்போது மட்டும் நெஞ்சு வலித்தால், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், மயங்கி விழுந்தால், அப்போது 108.

டாக்டர் அநேகமாகப் பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குவார். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம். "ஒத்துக்கலை" என்று பலர் விட்டுவிடுவது இங்கேதான். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நன்றாக ஆனபின்னும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர வேண்டும். இது போதை மாத்திரை இல்லை, ஆனாலும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் பக்கத்தில் இருந்தால் தொடங்க வசதி. அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், இரண்டு வாரம் கரையில் இருக்க முடிந்தால் போதும். கடலுக்குப் போகிறவர் என்று சொல்லி, மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள்.

மருந்தோடு பயிற்சியும் வேண்டும். அட்டாக் வரும்போது மூக்கால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வார்கள், வேண்டாம். உளவியலாளர் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வைப்பார், உறிஞ்சுகுழலில் மூச்சு விட வைப்பார். அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குக் காட்டுவதற்குத்தான் இது. பிறகு படகு. முதலில் நங்கூரமிட்ட படகில் சும்மா உட்கார வேண்டும். பயம் தணிந்தபின்தான் இறங்க வேண்டும், பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கினால் அடுத்த முறை ஏறுவது இன்னும் கஷ்டம். அப்புறம் கரையோரமாகப் பகலில், கடைசியாக இரவில். ராத்தூக்கம் கெட்டு, டீயும் பீடியுமாக ஓட்டினாலும், குடி தெளியும் காலையிலும் அட்டாக் சுலபமாக வரும். டாக்டரிடம் குடியை மறைக்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி தம்பியின் சிகிச்சை விவரம் ரகசியம். பெண் வீட்டார் கேட்டாலும் ஆஸ்பத்திரி சொல்லக் கூடாது.

ஏர்வாடி தர்காவில் தொழுவதில் தவறில்லை, அங்கே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க அரசுத் திட்டமே உண்டு. காலையில் போய் மாலையில் திரும்புங்கள். தங்கவைக்கும் தரகர்தான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். சங்கிலி போடுவது இன்று சட்டப்படி குற்றம். மனநோயாளிகளைத் தங்கவைக்கும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தத் தரகர் மறுபடி வந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.