டிஷ்ஷை நிறுத்தினால் மெட்ச் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் நான்காம் மாடியில் இருக்கிறோம். டிஷ் டிவிக்கு மாதம் மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போகிறது. இவருக்குக் கிரிக்கெட், மகனுக்கு இங்கிலாந்து உதைபந்தாட்டம். மாமி பின்னேரத்தில் சீரியல் பார்ப்பார். வீட்டில் மாதம் 100 ஜிபி பைபர் இணைப்பு இருக்கிறது. டிஷ்ஷை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் இன்டர்நெட்டிலேயே பார்த்தால் காசு மிஞ்சுமா?

பதில்: எல்லாவற்றையும் இன்டர்நெட்டுக்கு மாற்றினால் மிஞ்சாது. டிஷ்ஷுக்குக் கட்டிய காசு டேட்டாவுக்குப் போகும், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். நல்ல எச்டி தரத்தில் டிவியில் ஓடவிட்டால் மணிக்குச் சுமார் 3 ஜிபி போகும். ஒரு டி20 மூன்றரை மணி நேரம் என்றால் 10 ஜிபி. ஒருநாள் போட்டி 20 ஜிபியைத் தாண்டும். டெஸ்ட் மெட்ச் ஐந்து நாளும் நடந்தால் முப்பது மணி நேரம், 90 ஜிபி. உங்கள் மாதக் கணக்கை ஒரே ஒரு டெஸ்ட் விழுங்கிவிடும். ஐபிஎல்லில் இப்போது 74 மெட்ச். முழுவதையும் எச்டியில் பார்க்க 740 ஜிபி வேண்டும். டிஷ்ஷில் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் டேட்டா ஒரு துளியும் போகாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தரத்தை 720க்கு இறக்கினால் செலவு ஏறக்குறையப் பாதியாகும். 32 அங்குல டிவியில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 480க்கு இறக்காதீர்கள். ஸ்கோர் தெரியும், பந்து தெரியாது.

மெட்ச்சுக்கு சீசன் இருக்கிறது, பில்லுக்கு இல்லை. நீங்கள் காசை இழப்பது அங்கேதான். உங்கள் கணவரிடம் போன வருட நாட்காட்டியைக் கொடுத்து, உட்கார்ந்து பார்த்த தொடர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். நாலைந்து மாதம் தேறினாலே அதிகம். மிச்ச மாதங்களுக்கு எதற்குக் கட்டுகிறீர்கள்? (மாமியின் சீரியலுக்கு என்றுதான் பதில் வரும். நான் பார்த்த பல வீடுகளில் டிஷ் பூட்டியது மெட்ச்சுக்கு, ஓடுவது சீரியலுக்கு.)

ஆகவே முதல் வேலையாக டிஷ்ஷைக் கழற்றாதீர்கள், ப்ரீபெய்டுக்கு மாற்றுங்கள். டயலொக் டெலிவிஷனில் ப்ரீபெய்ட் இருக்கிறது. உங்களுடையது வேறு நிறுவனம் என்றால் அங்கே கேளுங்கள். இலங்கை அணியின் தொடர் வந்தால் ரீலோட் செய்யுங்கள், முடிந்தால் விட்டுவிடுங்கள். கேட்கும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: இப்போதிருக்கும் பெட்டியையே பாவிக்கலாமா, ரீலோட் செய்யாமல் எத்தனை மாதம் விட்டால் இணைப்பு முற்றாக ரத்தாகும், சொல்லும் விலை வரியோடா வரி இல்லாமலா. வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். விளம்பரத்தில் பார்த்த விலை பில்லில் வேறாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

அடுத்தது, யாரும் மதிக்காத பொருள்: அன்டெனா. கொழும்பில் இருந்துகொண்டு அன்டெனா இல்லாமல் இருப்பது கிணற்றடியில் நின்று போத்தல் தண்ணீர் வாங்குவது போல. ரூபவாஹினி, சனல் ஐ, ஐடிஎன், சிரச, சக்தி, டிவி 1, வசந்தம் எல்லாம் காற்றில் இலவசமாக வருகின்றன. 2024 டி20 உலகக் கிண்ணத்தை மகாராஜா நிறுவனத்தின் அலைவரிசைகள் காட்டின (சிரச, சக்தி, டிவி 1 மூன்றும் அந்த நிறுவனத்துடையவை). அன்டெனா வைத்திருந்தவர் ஒரு சதமும் கட்டாமல் பார்த்தார். எந்தத் தொடரின் உரிமம் எந்த அலைவரிசையிடம் என்பது தொடருக்குத் தொடர் மாறும். மெட்ச்சுக்கு முதல் வாரம் அந்த அலைவரிசைகளின் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ரீலோட் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் யுஎச்எஃப் அன்டெனா கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மீன்முள் மாதிரி நீளமாக இருக்கும் அலுமினிய வகை போதும். பெட்டியில் ‘4கே’, ‘டிஜிட்டல்’ என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அன்டெனாவுக்கு அனலொக், டிஜிட்டல் என்ற பேதம் கிடையாது, அது அலையைப் பிடிக்கிற கம்பி. டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானிய முறை என்று 2014இலேயே இலங்கை தீர்மானித்தது. ஆனாலும் வீட்டு அன்டெனாவில் நாம் பார்ப்பது பழைய அனலொக்கைத்தான். கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆர்ஜி-6 என்ற தடித்த வகையை வாங்குங்கள். மெல்லிய கறுப்பு வயரைக் கட்டிவிடப் பார்ப்பார்கள், மறுத்துவிடுங்கள்.

பல்கனியில் பூட்டும்போது ஒருவர் அன்டெனாவைத் திருப்ப, ஒருவர் டிவிக்கு முன் நின்று ‘இன்னும் கொஞ்சம்… நில்லு நில்லு… போயிட்டுது’ என்று கத்த வேண்டியிருக்கும். அந்தக் கூத்து இல்லாமல் முடியாது. டிவியின் செட்டிங்கில் தேடும் முறையை அனலொக் என்று வைத்து, ஒலி முறையை ‘பி/ஜி’ என்று தெரிவு செய்யுங்கள். அதைத் தவறவிட்டால் படம் தெளிவாக வரும், சத்தம் வராது; அன்டெனா பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. அன்டெனாவில் கேபிள் பூட்டும் இடத்தைத் திறந்து வைத்தால் ஒரு வருடத்தில் செம்பு பச்சை பிடித்துவிடும். ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.

அனலொக் படம் எச்டி அல்ல. 55 அங்குல டிவியில் ஸ்கோர் எழுத்து கொஞ்சம் கசங்கித்தான் தெரியும். ஆனால் இரண்டு நன்மை உண்டு. டிஷ் அடைமழைக்குப் படுத்துவிடும், அன்டெனா அவ்வளவு சீக்கிரம் படுக்காது. அப்புறம், தாமதம். இன்டர்நெட் ஒளிபரப்பு நேரடி ஒளிபரப்பை விட அரை நிமிடம் வரை பின்னால் வரும். ஒருமுறை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்துவீச்சாளர் ஓடி வரவே ஆரம்பிக்கவில்லை, கீழ் மாடியில் ‘ஐயோ!’ என்று ஒரு சத்தம். அவர்கள் வீட்டில் அன்டெனா. அதற்குப் பிறகு அந்தப் பந்தை என்னவென்று பார்ப்பது?

மாமி விஷயம் சுருக்கம்தான். சக்தியும் வசந்தமும் அன்டெனாவில் வரும். அவர் பார்க்கும் சீரியல் அவற்றில் ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால், வெட்டுவதற்கு முன் அவரோடு பேசுங்கள். இதில் தொழில்நுட்ப ஆலோசனை எதுவும் என்னிடம் இல்லை.

மகனின் உதைபந்தாட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டம் இங்கே கோடையில் இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் பெரும்பாலான ஆட்டங்கள் நள்ளிரவு 12:30 அல்லது 1:30க்குத்தான் தொடங்கும். இங்கே ஒரு வசதி இருக்கிறது. சில இன்டர்நெட் பெக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா தனிக் கணக்கு. உங்களுடையதில் அப்படி இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். இருந்தால், எல்லோரும் தூங்கும் நேரத்து டேட்டாவில் மகன் பார்க்கலாம்; மறுநாள் பள்ளிக்கூடம் உண்டா என்பது உங்கள் பாடு. சனிக்கிழமை ஆட்டங்களுக்கு, சீசன் நடக்கும் மாதங்களில் அவனுடைய அணி முக்கியமாக ஆடும் மாதத்துக்கு மட்டும் ரீலோட் செய்யலாம். மற்ற வாரங்களில் லீக்கும் அணிகளும் யூடியூபில் போடும் சுருக்கக் காட்சிகள் இலவசம்.

யூடியூப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீலங்கா கிரிக்கெட்டின் சொந்த சனலில் உள்ளூர்ப் போட்டிகள் நேரடியாக வருகின்றன. பாடசாலை மெட்ச்களுக்கு ‘த பப்பரே’ என்ற விளையாட்டு இணையத்தளம் இருக்கிறது. மார்ச்சில் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் வடக்கின் மாபெரும் போரைக் கொழும்பில் இருந்துகொண்டே அதில் பார்த்திருக்கிறேன், அதுவும் காசில்லாமல்.

இரண்டு குறுக்கு வழிகளை உங்களுக்கு யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒன்று, இந்தியாவின் ஜியோஹொட்ஸ்டார் போன்ற செயலிகளைச் சென்னையில் இருக்கும் சொந்தக்காரரின் நம்பரில் எடுத்து, நீங்கள் இந்தியாவில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போட்டுப் பார்ப்பது. ஒளிபரப்பு உரிமம் நாடு நாடாக விற்கப்படுகிறது, அதனால்தான் பூட்டு. விபிஎன் அவர்களின் நிபந்தனைக்கு எதிரானது, எந்த நேரமும் நின்றுவிடும். நிற்பது எப்போதும் கடைசி ஓவரில். மற்றது, ‘ஐயாயிரம் சனல், ஒரு தரம் காசு கட்டினால் போதும்’ என்று விற்கும் ஐபிடிவி பெட்டி. அது திருட்டு ஒளிபரப்பு. பின்னால் இருக்கும் சேர்வரை மூடிய அன்றே உங்கள் பெட்டி வெறும் பிளாஸ்டிக், விற்றவரின் போன் ஓஃப். அதுவும் உங்கள் டேட்டாவைத்தான் தின்னும் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார்.

இன்டர்நெட்டில் பார்க்கும் மெட்ச்களுக்கு ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். தொடர்மாடியில் சுற்றிவர இருபது வீட்டு வைஃபை மோதிக்கொள்கின்றன. படம் சுற்றிச் சுற்றி நிற்பதற்கு, அதிகமான வீடுகளில் காரணம் இணைப்பின் வேகம் அல்ல, இந்த நெரிசல்தான். எச்டிக்கு 8 எம்பிபிஎஸ் வேகம் ஒழுங்காக வந்தாலே போதும்.

பழைய மாதக் கணக்கை மூடும்போது எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு இலக்கமோ மின்னஞ்சலோ வாங்குங்கள். நான் ஒருமுறை போனில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ‘சரி சேர், கட் பண்ணியாச்சு’ என்றார்கள். இரண்டு மாதம் கழித்து நிலுவை என்று பில் வந்தது, கடிதம் கொடுக்கவில்லையாம். நிறுவனம் ப்ரீபெய்டுக்குச் சம்மதிக்காமல், நீங்கள் முழுவதுமாக வெட்டச் சொன்னாலும் சுவரில் இருக்கும் டிஷ் உங்களுடையது என்றால் கழற்ற விடாதீர்கள். கேபிள் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, டேப் சுற்றி விட்டுவிடுங்கள்.