ஸ்விங் ராஜாவும் அவருக்கு அரேஞ்ச் பண்ணிக் குடுத்தவரும்

கேள்வி: ஸ்விங் மியூசிக்னாலே பென்னி குட்மேன்தான் ராஜாங்கிறாங்க. அவர்தான் அதை ஆரம்பிச்சு வச்சாரா? (மதுரை வாசகி)

பதில்: இல்லைங்க. ஸ்விங்குங்கிறது பெரிய பேண்ட் வச்சு டான்ஸுக்கு வாசிச்ச அமெரிக்க ஜாஸ். குட்மேன் கிளாரினெட் எடுத்தா அசந்து போயிடுவோம், அதுல மறுபேச்சே கிடையாது. ஆனா அவர் பேண்டைத் தூக்கி நிறுத்துன அரேஞ்ச்மென்ட்டெல்லாம், அதாவது ஒரு மெட்டுல எந்த வாத்தியம் எங்க என்ன வாசிக்கணும்னு எழுதிக் குடுக்கிறது, ஃபிளெட்சர் ஹெண்டர்சன்னு ஒரு கறுப்பின பியானோக்காரர் எழுதுனது. கெமிஸ்ட்ரி படிச்சவரு, 1920ல நியூயார்க் வந்து அப்புறம் பேண்ட் வச்சு நடத்துனாரு, 1924ல டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே அதுல வந்து வாசிச்சாரு. நல்லா ஓடின பேண்டுதான், கடைசில காசு இல்லாம நொடிஞ்சு போச்சு, அப்பதான் 1934 கடைசில குட்மேனுக்கு ரேடியோ வாய்ப்பு வந்து, வாராவாரம் புதுசா அரேஞ்ச்மென்ட் வேணும்னு ஹெண்டர்சன்கிட்ட வாங்க ஆரம்பிச்சாரு.

'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' கேட்டுப் பாருங்க, ஜெல்லி ரோல் மார்ட்டன்னு ஒரு பழைய ஜாஸ் பியானோக்காரர் போட்ட மெட்டு, ஹெண்டர்சன் அரேஞ்ச்மென்ட், 1935 ஜூலைல குட்மேன் ரெக்கார்ட் பண்ணினது. குட்மேன் பேண்ட்ல இருந்த பன்னி பெரிகன், டிரம்பெட்டோட வாயை மூடி அடக்கி வாசிச்சுத்தான் ஆரம்பிக்கும், கடைசிக்கு வந்தீங்கன்னா லாவணியில எரிஞ்ச கட்சி எரியாத கட்சி மாதிரி டிரம்பெட் டிராம்போனெல்லாம் ஒரு பக்கம் வெடுக்குன்னு வெட்டும், சாக்ஸபோன் கூட்டம் அந்தப் பக்கத்துலேர்ந்து விடாம பதில் குடுக்கும். எனக்கு அந்த இடம் வந்தாலே உடம்பு சிலிர்த்துரும்.

அடுத்த மாசம் 1935 ஆகஸ்ட் 21, கலிஃபோர்னியாவுல லாஸ் ஏஞ்சல்ஸ், பாலோமார் பால்ரூம்னு ஒரு டான்ஸ் ஹால். குட்மேன் பேண்ட் ஊர் ஊரா வாசிச்சுட்டு வந்த வழியெல்லாம் கூட்டம் சரியா வரல, அதனால மொதல்ல பயந்து மெதுவான பாட்டா வாசிச்சிருக்காங்க, யாரும் கண்டுக்கல, சரி போறதுதான் போறோம் நமக்குப் பிடிச்சதை வாசிச்சுட்டுப் போவோம்னு ஹெண்டர்சன் அரேஞ்ச்மென்ட்டை எடுத்ததும் ஆடிட்டிருந்த பசங்க ஆட்டத்தை நிறுத்திட்டு மேடையைச் சுத்தி வந்து நின்னுட்டாங்க! காரணம் என்னன்னா ரேடியோல இவங்க வாசிக்கிற நேரம் நியூயார்க்ல நடுராத்திரி, கலிஃபோர்னியாவுல மணி மூணு மணி நேரம் பின்னாடி, அங்க பசங்க முழிச்சிருந்து கேட்டுப் பழகியிருந்தாங்க.

ராஜா பட்டம் குட்மேனுக்குப் போச்சு. ஹெண்டர்சன் 1936ல மறுபடி பேண்ட் வச்சும் ரொம்ப நாள் நிக்கல, 1939ல குட்மேன் பேண்ட்லயே பியானோ வாசிக்கப் போனாரு. அதை நெனச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

கேள்வி: அவ்வளவு பெரிய பேண்டெல்லாம் ஏன் மறைஞ்சுது? (திருச்சி வாசகர்)

பதில்: ரெண்டாம் உலகப் போர்தான் பெரிய அடி. வாசிக்கிறவங்களை ராணுவத்துக்கு இழுத்துட்டாங்க, பேண்ட் ஊர் ஊராப் போற பஸ்ஸுக்கு பெட்ரோல் டயர் ரேஷன், 1944ல டான்ஸ் நடக்குற இடத்துக்கெல்லாம் 30 சதவீத வரி. அது போதாதுன்னு 1942 ஆகஸ்ட்லேர்ந்து வாத்தியம் வாசிக்கிறவங்களோட சங்கம், ரெக்கார்ட் கம்பெனிங்ககிட்ட பங்கு கேட்டு ரெக்கார்டிங்கையே நிறுத்திருச்சு, பெரிய கம்பெனிங்க இறங்கி வர 1944 நவம்பர் ஆச்சு. பாடகர்களுக்கு அந்தத் தடை கிடையாது, வாத்தியமே இல்லாம கோரஸ் வச்சுப் பாடி ரெக்கார்ட் போட்டாங்க, ஜனங்க காது அந்தப் பக்கம் போயிருச்சு. 1946 டிசம்பர் வாக்குல குட்மேன், டாமி டார்ஸி, ஹாரி ஜேம்ஸ், வுடி ஹெர்மன்னு வரிசையா பேண்டைக் கலைச்சுட்டாங்க.