கதையில வாட்ஸ்அப் மெசேஜ் எழுதுறது எப்படி? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கோலாலம்பூர் செந்தூல்லேர்ந்து எழுதுறேன். சிறுகதை திருத்துறது என் பொழப்பு. இப்ப வர்ற கதைங்கள்ல போன் மெசேஜ் நெறைய வருது, அத எப்படி எழுதுறதுன்னு ஆளாளுக்கு கேக்குறீங்க, இன்னிக்கு உக்காந்துட்டேன். கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊரப் போட்டிருக்கேன்.

பட்டர்வொர்த்: அக்கா, மெசேஜ மேற்கோள் குறிக்குள்ள போடணுமா, சாய்வெழுத்துல போடணுமா?

ரெண்டும் வேணாம் தம்பி. சாய்வு இங்கிலீஷ்காரன் பழக்கம், அவன் எழுத்துக்கு சாய்வு வடிவத்த தனியா வரைஞ்சு வச்சிருக்கான், நம்ம ஃபாண்ட் பலதுல கம்ப்யூட்டர் சும்மா புடிச்சு தள்ளி விடுது, நாலு வரி படிச்சா ழகரமும் ணகரமும் தண்ணி போட்டுட்டு நிக்கிற மாதிரி இருக்கும். புது வரி, கொஞ்சம் உள்ள தள்ளி, பேரு, ரெண்டு புள்ளி, மெசேஜ். அவ்ளோதான். யாரு பேசுறான்னு புரிஞ்சிட்டா பேரையும் எடுத்துடுங்க. ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஒட்டாதீங்க, போன்ல படிக்கிறவங்க எழுத்த பெருசாக்கினா அது ஆகாது, கண்ணு தெரியாதவங்களுக்கு வாசிச்சு காட்டுற சாஃப்ட்வேர் பல நேரம் அத தாண்டி போயிடும்.

செராஸ்: நேரம், ரெண்டு டிக் எல்லாம் வரிக்கு வரி போட்டா ரியலா இருக்குமே?

பஸ் அட்டவண மாதிரி இருக்கும். மெசேஜ் வேற, பேச்சு வேறம்மா. நேர்ல கேட்டா எதிர்ல இருக்கிறவன் மூஞ்சிய காட்டியே ஆகணும், போன்ல காட்ட வேணாம், பதில் போடாமலே இருக்கலாம். கதை அந்த இடைவெளியில தான் ஒக்காந்திருக்கு. அம்மா கெப்போங்ல, மகன் பினாங்குல வேலைன்னு வைங்க:

   திங்கள். பசியாறிட்டியா
   செவ்வாய். பசியாறிட்டியா
   புதன். பசியாறிட்டியா
   வேலைம்மா

நாலு வரி. கிழமை மட்டும் தான் போட்டேன், மணி போடல, டிக் போடல. டிக்க எப்ப போடணும்னா அது கதைய திருப்பும் போது மட்டும். ஒரே டிக்ல மூணு நாளா நிக்குதுன்னா போன் செத்து கெடக்கோ, பிளாக் பண்ணிட்டாளோன்னு அவன் தவிப்பான்ல, அங்க போடுங்க. போன்ல பேர எப்படி சேவ் பண்ணிருக்காங்கன்னும் பாருங்க, புருஷன் பேர 'வாடகை'ன்னு வச்சிருக்கிற பொண்ணப் பத்தி நீங்க ரெண்டு பக்கம் எழுத வேண்டியதில்ல.

பிரிக்பீல்ட்ஸ்: என் கதை 2012ல நடக்குது. அவன் படிச்சிட்டான்னு நீல டிக் வருது, அதுலதான் சண்டையே.

சண்டைய மாத்துங்க. நீல டிக் வந்தது 2014 நவம்பர்ல. அனுப்பினத எல்லாருக்கும் டிலீட் பண்றது 2017 கடைசியில தான் வந்துச்சு. எஸ்எம்எஸ்னா ஒரு மெசேஜுக்கு இங்கிலீஷ் எழுத்துல 160 இடம், தமிழ்ல 70 தான், நம்ம சனம் இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஜார்ஜ்டவுன்: அங்கதான் வர்றேன்க்கா. நாங்க தமிழ இங்கிலீஷ் எழுத்துல தான் அடிக்கிறோம், நடுவுல மலாய் வேற. நீங்க தமிழ் எழுத்துல மாத்தினா அது பொய் தானே?

பொய் இல்ல தம்பி. படிக்கிறவங்க தமிழ் எழுத்துல ஓடிட்டு இருக்காங்க, திடீர்னு வேற எழுத்து வந்தா கண்ணு தடுக்கும். எழுத்த மாத்துங்க, ஆளோட கைய மாத்தாதீங்க. சாப்பிட்டாச்சான்னு மலாய்ல கேட்டு, 'டா மாக்கான்? நான் லேட் லா'ன்னு அடிச்சா அப்படியே தமிழ்ல எழுதுங்க. நண்பர்களுக்கு மலாய்ல 'கவான்-கவான்', அத ரெண்டு தடவ எழுதாம 'கவான்2'ன்னு ரெண்டு போடுறாங்கல்ல, 1972 எழுத்துச் சீர்திருத்தத்துல மலாய்லேர்ந்து அந்த 2ஐ எடுத்தாங்க, போன் வந்ததும் அது திரும்பி வந்துடுச்சு. அதையும் விடுங்க.

செராஸ்: மலாய எல்லாம் உள்ள விட்டா தமிழ் என்னத்துக்கு ஆகும்?

நீங்க பாசார் மாலாம்ல, அந்த ராத்திரி சந்தையில, என்ன மொழியில பேரம் பேசுறீங்க? கதாபாத்திரம் அடிக்கிறத திருத்த உங்களுக்கு அதிகாரம் இல்ல. கதை சொல்ற உங்க சொந்த வரிகள்ல எவ்ளோ சுத்தமா வேணா எழுதுங்க.

ஜார்ஜ்டவுன்: அக்கா, எங்க ஐயா ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒருதரம் அனுப்பினாரு. 'வலி தெரியல'யா, 'வழி தெரியல'யான்னு எங்களுக்கு புரியல, இங்கிலீஷ் எழுத்துல ரெண்டையும் vali-ன்னு அதே நாலு எழுத்துல தான் அடிப்போம். தமிழ்ல எழுதினா இது செத்துடுமே?

தம்பி, இங்க நான் தோத்தேன். அரைமணி நேரமா யோசிக்கிறேன். தமிழ்ல எழுதுற நிமிஷமே நீங்க ஒண்ண தேர்ந்தெடுத்துடுறீங்க. ஒரே வழி, மெசேஜ காட்டாம அத படிக்கிறவன காட்டுறது: முதல்ல வலின்னு படிச்சு நிம்மதியாகிறான், லிப்ட்ல எறங்கும்போது வழின்னு படிச்சு நின்னுடுறான். மெசேஜே கதையில வரக்கூடாது.

கெப்போங்: அம்மா டைப் பண்ண மாட்டாங்க, வாய்ஸ் தான் அனுப்புவாங்க. அத எப்படி?

பேசினத ரெண்டு வாக்கியம். பின்னாடி குக்கர் விசில், டிவி சீரியல். போதும்.

சுங்கை பூலோ: எந்த ஃபாண்ட் நல்லாருக்கும்?

அத அச்சுக்காரரு பாத்துப்பாரு.

புக்கிட் மெர்தாஜாம்: எமோஜி போடலாமா?

ஒண்ணு. அதுவும் மாமியார் தப்பா போட்டது.

செலாயாங்: மெசேஜ மேற்கோள் குறிக்குள்ள போடணுமா? ஸ்கிரீன்ஷாட் ஒட்டினா ஈசி தானே?

முதல் கேள்வியப் படிங்கய்யா, அடுப்புல சோறு இருக்கு. ஜார்ஜ்டவுன் தம்பி, அந்த ஆஸ்பத்திரி கதைய எழுதி அனுப்புங்க. ஐயா எதச் சொன்னாருன்னு எனக்கு மட்டும் தனியா சொல்லுங்க.